கலோலைனே சாட்சி சொன்ன நாள்

லேசீலி முதன்முதலில் வக்கீலைப் பார்க்கப் போனது வாஷிங் மெஷினுக்காகத்தான். வீட்டில் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தாள்.

எங்கள் ஊர் நூலகத்துப் பின்னறையில் வியாழக்கிழமைகளில் ரோசன்னா என்ற வக்கீல் வந்து உட்காருவார். மணிக்கணக்கில் கார் ஓட்டிக்கொண்டு பெரிய ஊரிலிருந்து வருவார், யாரிடமும் காசு வாங்கமாட்டார். வாடகை வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்பவர்கள், வரி ஆபீஸ் என்ன கேட்கிறது என்று புரியாதவர்கள், கணவனும் மனைவியும் பிரிந்த பிறகு கார் யாருக்கு என்று சண்டை போடுபவர்கள் என்று திராட்சை சீசன் முடிகிற சமயத்தில் கூட்டம் அதிகமாகவே இருக்கும். லேசீலிக்கு அப்போது கார் ஓட்டத் தெரியாது. நானும் அவளும் ஒரே பேக்கிங் ஷெட்டில், ஒரே வரிசையில் நின்று பெட்டி நிரப்புகிறவர்கள். அதனால் நான்தான் கூட்டிப் போனேன்.

என்னை மொழிபெயர்க்க ரோசன்னா விடவில்லை. தெரிந்தவர்கள் நடுவில் இருந்தால் மனசு விட்டுப் பேச வராது என்று சொல்லி, போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார். எங்கிருந்தோ ஒரு பெண் குரல் எங்கள் டோங்கா தீவு மொழியில் வணக்கம் சொன்னது. நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். லேசீலி என் பாவாடையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

மெஷின் விஷயம் சீக்கிரம் முடிந்துவிட்டது. வாரண்டி முடிந்துவிட்டது என்று கடைக்காரர் கையை விரித்திருந்தார். கடை கொடுக்கிற வாரண்டி வேறு, சட்டம் கொடுக்கிற உறுதி வேறு, அந்த விலைக்கு வாங்கிய மெஷின் நியாயமாகப் பல வருஷம் ஓடவேண்டும், போய் இதை இப்படிச் சொல்லுங்கள் என்று ரோசன்னா சொல்லிக் கொடுத்தார். லேசீலி தலையாட்டினாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

“இன்னொண்ணு கேக்கணும்,” என்றாள். “எனக்கில்ல. எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணுக்கு.”

கேளுங்கள் என்றார் ரோசன்னா.

“புருஷன் கூப்பிட்டு இந்த நாட்டுக்கு வந்தவ. அவன் ஒரு போன் போட்டு இவ வேணாம்னு சொன்னா, இவளப் பிளேன்ல ஏத்திடுவாங்களாம். பாப்பா இங்க பொறந்ததாம், அதனால அது இங்கயே இருந்துடுமாம். நெசமா அது?”

வெயில் கொளுத்துகிற மார்ச் மாதத்தில் லேசீலி முழுக்கை சட்டை போட்டிருந்தாள். ரோசன்னா அந்தக் கையைப் பார்த்தார். அந்தப் பெண்ணை அவள் புருஷன் அடிக்கிறானா என்று மெதுவாகக் கேட்டார். போனில் இருந்த பெண் அதை எங்கள் மொழியில் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். லேசீலி மேஜையையே பார்த்துக்கொண்டு, ஆமாம் என்றாள்.

“அப்ப அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க,” என்றார் ரோசன்னா. “விசா குடுக்கறது அரசாங்கம். எடுக்கறதும் அரசாங்கம். புருஷன் இல்ல. அடி தாங்காம வெளிய வந்தவளுக்குன்னே சட்டத்துல ஒரு வழி வச்சிருக்காங்க.”

அது தானாக நடந்துவிடாது என்பதையும் சொன்னார். வீட்டில் நடந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். கோர்ட் போட்ட பாதுகாப்பு உத்தரவோ, வைத்தியம் பார்த்த நர்ஸின் வாக்குமூலமோ ஏதாவது வேண்டும். நிச்சயம் கிடைக்கும் என்று தான் பொய் சொல்லமாட்டேன் என்றார். ஆனால் கேட்க அவளுக்கு உரிமை இருக்கிறது, பிள்ளையைத் தாயிடமிருந்து பிடுங்கிக்கொள்வதும் ஒருத்தன் நினைத்தால் நடக்கிற காரியம் இல்லை என்றார்.

திரும்பும் வழியில் லேசீலி பாதாம் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு கேட்டாள்: “அப்ப அவன் கையில ஒண்ணுமே இல்லயா அக்கா?”

“கை மட்டும்தான் இருக்கு,” என்றேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கும் அது சிரிப்பதற்காக வந்த வார்த்தை இல்லை.

அவள் புருஷன் ஃபிலிமோனேயை ஊரில் யாருக்கும் பிடிக்காமல் இல்லை. கோயில் பாட்டுக் குழுவில் அவன் அடிக்குரலை எடுத்தால் ஜன்னல் அதிரும். யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் வந்து குழி வெட்டுகிறவன் அவன். தாய் செத்த பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் அவன் அக்கா கலோலைனே. ஷெட்டில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவள், கோயில் மாதர் சங்கத்துத் தலைவி, நின்றால் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உருவம். தம்பிக்குப் பெண் கேட்டு அவளே டோங்காவின் வாவாவூ தீவுக்குப் போனாள். தன் தாய் விட்டுப்போன உயர்ந்த பாய்களை லேசீலியின் அம்மா முன்னால் பரிசமாக விரித்து, உங்கள் மகள் இனி என் பொறுப்பு என்று சொல்லிக் கூட்டி வந்தாள்.

எங்களில் ஒரு குடும்பத்துக்குப் பெரியவர் அப்பா இல்லை, அத்தைதான். கல்யாணமோ சாவோ, அத்தை உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் உட்கார வேண்டும். தம்பி என்கிறவன் அக்கா முன்னால் குரலை உயர்த்தமாட்டான். அவள் இருக்கிற அறையில் டிவி பார்க்கக்கூட உட்காரமாட்டான். அவள் காதில் விழக்கூடாத பேச்சு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவான். இந்த மரியாதையில் ஃபிலிமோனே ஒரு குறையும் வைத்ததில்லை. அக்கா வீட்டு வாசலில் அவன் நுழைவதைப் பார்த்தால் இவ்வளவு பெரிய உடம்பு எப்படி இவ்வளவு சுருங்குகிறது என்று தோன்றும். தன் தம்பி வீட்டுக்குள் எப்படி இருக்கிறான் என்று கலோலைனேக்குத் தெரியாமல் போனதற்கு இந்த மரியாதையே காரணம்.

தெரிந்தது ஈஸ்டருக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. அன்று கோயில் முடிந்து வீட்டுக்கு வந்தவள், சேப்பங்கீரையில் தேங்காய்ப்பாலும் இறைச்சியும் வைத்துக் கட்டிச் சுட்ட லூவைத் தட்டில் எடுத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி மகள் ஹெய்லாலாவுக்கு லூ என்றால் உயிர். அப்போது அதற்கு மூன்று வயது. பின்கதவு திறந்திருந்தது. அடுக்களையில் ஃபிலிமோனே லேசீலியின் தலைமுடியைக் கையில் சுற்றிப் பிடித்து, அவள் முகத்தைச் சுவரோடு அழுத்திக்கொண்டிருந்தான். குழந்தை மேஜைக்கு அடியில் இருந்தது.

அக்காவைப் பார்த்ததும் அவன் கை விட்டுவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு பின்னுக்குப் போனான். கலோலைனே தட்டை அடுப்பு மேல் வைத்தாள். குனிந்து மேஜைக்கு அடியிலிருந்து குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“லேசீலி, செருப்பப் போட்டுக்க. கிளம்பு,” என்றாள்.

அவ்வளவுதான். மூன்று பேரும் நடந்தே அவள் வீட்டுக்குப் போனார்கள்.

அன்று சாயங்காலம் நான் போனபோது லேசீலி எல்லாவற்றையும் நாத்தனாரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கை முறுக்கப்பட்டது, போனைப் பிடுங்கி வைத்தது, பிறந்த ஊருக்குப் பேசவிடாதது. கலோலைனே கல் மாதிரி உட்கார்ந்து கேட்டாள். விசா பேச்சு வந்தபோது மட்டும் இடைமறித்தாள்.

“விசாவச் சொல்லியா மிரட்டினான்?”

“ஆமா அண்ணி.”

“பாப்பாவ விட்டுட்டுப் போகணும்னா?”

“ஆமா அண்ணி.”

கலோலைனே எழுந்து வெளியே போய், செடிகளுக்குத் தண்ணீர் விட ஆரம்பித்தாள். ஏற்கெனவே ஈரமாக இருந்த மண்ணுக்கு ரொம்ப நேரம் தண்ணீர் விட்டாள். திரும்பி வந்து, அந்த வக்கீல் எப்போது வருவார் என்று என்னிடம் கேட்டாள். வியாழன் வரை காத்திருக்க வேண்டாம், போன் செய்யலாம் என்றேன்.

அதற்குப் பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. போலீசில் சொன்னார்கள். ஃபிலிமோனே லேசீலியை நெருங்கக்கூடாது என்று கோர்ட் இடைக்கால உத்தரவு போட்டது. அவன் சொன்ன மாதிரியே குடிவரவு இலாகாவுக்குப் போன் செய்து, தன் ஆதரவை விலக்கிக்கொண்டான். அந்தச் செய்தி வந்த அன்று லேசீலி பெட்டியில் குழந்தையின் துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். கலோலைனே ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தாள். ரோசன்னா இலாகாவுக்குப் பதில் அனுப்பினார். உறவு முறிந்தது அடியால்தான், அதை நிரூபிக்கிறோம் என்று சொல்லியிருந்தார். அந்த நிரூபணத்துக்குக் கோர்ட்டின் நிரந்தர உத்தரவு பெரிய பலமாக இருக்கும்.

ஆனால் ஃபிலிமோனே அதை எதிர்த்து நின்றான். கவா என்ற வேர்ச்சாறு குடிக்க ஆண்கள் கூடுகிற இடத்தில் கூட்டாளிகள் அவனுக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள். உத்தரவு வந்தால் பேர் போய்விடும், எதிர்த்து நில், வீட்டுக்குள் நடந்ததை யார் பார்த்தது என்று. பார்த்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் அக்கா தம்பியைப் பற்றி, அதுவும் அவன் பெண்டாட்டியிடம் நடந்துகொண்டதைப் பற்றி, ஊரார் முன்னால் வாய் திறப்பாள் என்று அவன் நினைக்கவில்லை. நாங்களும் நினைக்கவில்லை. எங்கள் வழக்கத்தில் அப்படி ஒன்று கிடையாது.

விசாரணைக்கு முந்திய வாரம் போதகரும் குடும்பத்து மாமன்கள் இரண்டு பேரும் கலோலைனே வீட்டுக்கு வந்தார்கள். பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். போதகர் நல்ல மனுஷர்தான். அவன் திருந்திவிட்டான், கோயிலில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கத் தயாராக இருக்கிறான், ஜெபம் செய்து சேர்த்து வைப்போம் என்றார். பெரிய மாமன் வெள்ளைக்காரன் கோர்ட்டில் நம் மானத்தை விரித்துப் போட வேண்டாம் என்றார். லேசீலி அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளோடு பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கலோலைனே அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

“பொண்ணு கேட்டுப் போனது யாரு மாமா?” என்று கேட்டாள்.

பெரிய மாமன் வாய் எடுப்பதற்குள் அவளே சொன்னாள்.

“நான் போனேன். அவங்க அம்மாகிட்ட வாக்குக் குடுத்தது நான். என் தம்பி அவ கைய மட்டும் முறுக்கல, என் வாக்கையும் ஒடச்சுட்டான். மானம் கோர்ட்டுல போகாது. அது அந்த அடுக்களையிலயே போயிடுச்சு. நான் போய் அத எடுத்துட்டு வரேன்.”

போதகரைப் பார்த்துத் திரும்பினாள். “அவன் மன்னிப்புக் கேக்கறதுன்னா கேக்கட்டும் ஐயா. அது அவனுக்கும் கர்த்தருக்கும். உத்தரவு லேசீலிக்கு. ரெண்டையும் ஒண்ணாக் கட்டாதீங்க.”

போதகர் பைபிளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, ஜெபம் பண்ணிவிட்டுப் போகிறேன் என்றார். ஜெபத்தில் லேசீலியின் பெயரைத்தான் முதலில் சொன்னார். மாமன்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

விசாரணை நாள் அன்று நான் ஷெட்டில் லீவு சொல்லிவிட்டு அவர்களோடு போனேன். கலோலைனே கறுப்பு உடுப்பு அணிந்து, அதன்மேல் எங்கள் வழக்கப்படி மரியாதைக்காக இடுப்பில் பாய் சுற்றிக் கட்டியிருந்தாள். அவள் அம்மாவின் பாய், ஓரம் பிய்ந்து, பழுப்பேறி இருந்தது. எங்களுக்குப் பழைய பாய்தான் பெரிய மரியாதை. கோர்ட் வாசலில் ஃபிலிமோனேயும் பாய் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். அக்கா வருவதைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் வழிவிட்டு ஒதுங்கினான்.

லேசீலி அவனைப் பார்க்காமல் வேறு அறையிலிருந்து திரையில் பேச ஏற்பாடாகியிருந்தது. கலோலைனேக்கும் அந்த வசதி உண்டு என்று ரோசன்னா சொன்னார். அக்கா தம்பி வழக்கத்தை யாரோ அவருக்கு விளக்கியிருக்க வேண்டும். ஒரே அறையில் இருக்க வேண்டாம், உங்கள் மரியாதைக்கும் பழுது வராது என்றார். எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

கலோலைனே யோசித்துவிட்டு மறுத்துவிட்டாள். “அவ மறைவா இருக்கட்டும், அவ பயந்தவ. நான் யாருக்குப் பயப்படணும்? அவன் அக்கா சொல்றத அவன் நேர்ல கேக்கணும்.”

அவளுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். ஆனாலும் சாட்சிக் கூண்டில் ஏறியதும், எங்கள் மொழியில்தான் பேசுவேன், மொழிபெயர்ப்பாளர் சொல்லட்டும் என்றாள். அதுவும் தம்பிக்காகத்தான் என்று எனக்குப் புரிந்தது. வேறு மொழியில் சொன்னால் அவன் காதை மூடிக்கொள்ள இடம் கிடைத்துவிடும்.

உட்காரலாம் என்றார் நீதிபதி. நிற்கிறேன் என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பின்கதவு வழியாக உள்ளே போனதிலிருந்து சொன்னாள். கூட்டவில்லை, குறைக்கவில்லை. தலைமுடியைப் பற்றிச் சொன்னாள். சுவரைப் பற்றிச் சொன்னாள். மேஜைக்கு அடியில் குழந்தை எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது என்று சொன்னாள். அப்போது மட்டும் நின்று தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

ஃபிலிமோனேயின் வக்கீல் இளம் வயசுக்காரர். தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார். தம்பி மேல் உங்களுக்குக் கோபம் இருக்கிறதல்லவா, அந்தக் கோபத்தில்தானே பேசுகிறீர்கள் என்று கேட்டார்.

“கோவம் இருக்கு,” என்றாள் கலோலைனே. “ஆனா கோவம் வர்றதுக்கு முன்னாடியே கண்ணு பாத்துடுச்சு.”

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடித்தபோது அறையில் ஒரு சலசலப்பு. நான் திரும்பிப் பார்த்தேன். ஃபிலிமோனே நாற்காலியில் இல்லை. அதற்குப் பக்கத்தில், தரையில், காலை மடித்து உட்கார்ந்து தலையைக் கவிழ்த்திருந்தான். அக்கா நிற்கும்போது உயரத்தில் உட்கார அவனுக்கு முடியவில்லை. நீதிபதி பதறிப்போய், அவருக்கு உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார். இல்லை ஐயா, இது எங்கள் மரியாதை என்று மொழிபெயர்ப்பாளர் விளக்கினார். நீதிபதி பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு, அவர் அங்கேயே இருக்கட்டும் என்றார்.

கலோலைனே ஒரு தடவை தம்பியைப் பார்த்தாள். அது வழக்கத்தை மீறிய பார்வைதான். பிறகு நீதிபதியைப் பார்த்து மிச்சத்தையும் சொல்லி முடித்தாள். விசா மிரட்டலைப் பற்றிக் கேட்டார்கள். அதைத் தான் காதால் கேட்கவில்லை, லேசீலி சொல்லித்தான் தெரியும் என்றாள். தெரியாததைத் தெரியும் என்று அவள் சொல்லவில்லை. அதனாலேயே தெரியும் என்று சொன்னதெல்லாம் நின்றது.

அவள் இறங்கிய பிறகு அவன் வக்கீல் கொஞ்சம் அவகாசம் கேட்டார். இருவரும் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். உத்தரவை இனி எதிர்க்கவில்லை என்று வக்கீல் சொன்னார். லேசீலி தங்கியிருக்கும் வீட்டுப் பக்கம் அவன் வரக்கூடாது, அவளை எந்த வழியிலும் தொந்தரவு செய்யக்கூடாது, அடிக்கிற புருஷர்களுக்கு நடத்துகிற வகுப்புக்குப் போகவேண்டும் என்று நீதிபதி உத்தரவிட்டார்.

நடைகூடத்துக்கு வந்ததும் கலோலைனே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஃபோர்க்லிப்டில் டன் கணக்கில் தூக்கி அடுக்குகிற அந்தக் கைகள் இடுப்புப் பாயின் பிய்ந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. மறைவறையிலிருந்து வந்த லேசீலி அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, அந்தக் கைகளைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் அந்தப் பக்கம் திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்தது, ஆனால் அதைவிட நெஞ்சு நிமிர்ந்தது. என் ஜனத்தில் இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று அந்தக் கட்டடத்தில் இருந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

ஊர் உடனே மாறிவிடவில்லை. கோயிலில் சில பெண்கள் கலோலைனே உட்காரும் வரிசையை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். வேறு சிலர் அவள் வீட்டு வாசலில் கிழங்கு மூட்டையைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனார்கள். பெரிய மாமன் அவளோடு பேச ஒரு வருஷம் பிடித்தது. பேசியபோதும் மழையைப் பற்றித்தான் பேசினார்.

ஃபிலிமோனே ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊருக்குப் போய் பாதாம் தோட்டத்தில் சேர்ந்தான். வகுப்புக்கு ஒழுங்காகப் போனான் என்று கேள்வி. வக்கீல்கள் பேசி எழுதிக்கொண்ட ஏற்பாட்டின்படி சனிக்கிழமைகளில் கோயில் கூடத்தில் போதகர் மனைவி கூட இருக்க, மகளைப் பார்த்துவிட்டுப் போவான். குழந்தையைக் கொண்டு விடுவதும் கூட்டி வருவதும் கலோலைனே. தம்பியிடம் அவள் பேசமாட்டாள். ஆனால் குழந்தையின் கையை அவன் கையில் அவளேதான் பிடித்துக் கொடுப்பாள்.

லேசீலியின் விசா வர இன்னொரு திராட்சை சீசனும் ஆகிவிட்டது. அதற்குள் அவள் கார் ஓட்டப் படித்தாள், ஷெட்டில் தரம் பார்க்கிற மேஜைக்குப் போனாள், போன் எடுத்து இங்கிலீஷில் பதில் சொல்லப் பழகினாள். நிரந்தர விசா கிடைத்துவிட்டது என்று ரோசன்னா போன் செய்தபோது அவள் வேலையில் இருந்தாள். நன்றி சொன்னாள், போனைப் பையில் வைத்தாள், கையிலிருந்த குலையைப் பார்த்து அழுகல் ஒன்றைக் கிள்ளிப் போட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, “வந்துடுச்சு அக்கா,” என்றாள். அப்போது ஃபோர்க்லிப்ட் எங்களைத் தாண்டிப் போனது. லேசீலி கையைக் காட்டி நிறுத்தி, அண்ணியிடம் என்னவோ சொன்னாள். இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. கலோலைனே இயந்திரத்தை அணைத்துவிட்டு, ஷெட்டே பார்க்க, அதன் மேலேயே உட்கார்ந்து ஒரு பாட்டுப் பாடினாள். அவளுக்குத் தம்பி மாதிரிக் குரல் கிடையாது. இருந்தாலும் எங்கள் பெண்கள் எல்லோரும் பின்பாட்டுப் பாடினோம். சூப்பர்வைசர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

அந்த மே மாதம் குழந்தைகள் ஞாயிறு வந்தது. பிள்ளைகள் எல்லாம் வெள்ளை உடுத்திக்கொண்டு கோயிலில் எழுந்து நின்று வேதவசனம் ஒப்பிக்கிற நாள். வெளியூர்ச் சபைகளிலிருந்தும் வந்திருந்தார்கள். ஹெய்லாலா முன்னால் போய் நின்று, பெரியவர்களே திணறுகிற ஒரு நீண்ட வசனத்தை, ஒரு இடத்தில் மறந்து, தானே யோசித்துப் பிடித்து, சொல்லி முடித்தது. பக்கத்தில் இருந்த வெளியூர்க்காரி ஒருத்தி, இது யார் பிள்ளை என்று என்னிடம் கேட்டாள்.

லேசீலி அப்போதுதான் எழுந்து, நிறைந்த கோயிலின் நடுவே நேராக நடந்து போய், மகளைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

“அந்தா போறா பாரு,” என்றேன். “அவ பிள்ள.”

“புருஷன் யாரு?”

“அவ பேரு லேசீலி,” என்றேன். “எங்க ஊர்க்காரி.”